ரைட் மார்க்கர் கோமதி

போன மாதம் பவித்ரா போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் இப்போது அவள்தான் பி.டி. டீச்சர். எடுத்த எடுப்பிலேயே, "மிஸ், மாஸ் டிரில் இனிமே கட்டாயம் இல்லையாம். பிள்ளைங்க அவங்கவங்க இஷ்டத்துக்கு ஆடலாமாம், ஓடலாமாம். சுற்றறிக்கை வந்திருக்கு. நான் ஏனு மாடலி?" என்றாள்.

என்ன செய்வது என்று என்னைக் கேட்டால்? பிள்ளைகளை இஷ்டத்துக்கு ஆடவிடாமல் வைத்திருப்பதற்காக முப்பத்திரண்டு வருஷம் சம்பளம் வாங்கியவள் நான். "விட்டுடு, ஆடட்டும்" என்றேன். அவளுக்கு ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். "நீங்க இத்தனை வருஷம் இதை ஏன் பண்ணீங்கன்னு எழுதிக் குடுங்க மிஸ், ஆண்டு மலர்ல போடறேன். ஒரு பக்கம் போதும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஏன் செய்தேன் என்பதற்கு ஒரு வரி போதும். செய்யச் சொன்னார்கள், செய்தேன். மிச்சப் பக்கத்துக்குக் கோமதியைப் பற்றி எழுதுகிறேன். அது ஒரு பக்கத்தில் அடங்காது. பவித்ரா எங்கே வேண்டுமோ அங்கே வெட்டிக்கொள்ளட்டும்.

எனக்கு ஊர் கர்நாடகத்தில் ஹனூர்ப் பக்கம் கௌதள்ளி, வீட்டில் தமிழ். பள்ளிக்கூட நாளில் கோகோ ஆடுவேன். இவள் பின்னால் ஓடி ஜெயிக்க முடியாது என்று சுற்று வட்டாரத்தில் பெயர் வாங்கியிருந்தேன். அப்பாவுக்கு அந்தப் பெயர் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஓடுகிற பெண்ணுக்கு ஓடுவதையே உத்தியோகமாக்கிவிட்டால் வம்பில்லை என்று மைசூருக்கு ஒரு வருஷப் பயிற்சிக்கு அனுப்பினார். சுண்ணாம்புப் பொடியால் கோணாமல் கோடு போடவும், வெள்ளைச் சேலை காலைத் தடுக்காமல் முழங்காலை மடக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். இரண்டாவதுதான் கஷ்டம்.

உடற்கல்வி வரலாறு என்று ஒரு பேப்பர் இருந்தது. இங்கிலாந்தில் ராணி காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிக்கூடம் வைத்தபோது, அத்தனை பேரையும் எப்படி அடக்கி வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லையாம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சார்ஜென்ட்டுகளைக் கூப்பிட்டு டிரில் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். பிறகு தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் வந்தது. பட்டாளத்தில் சேர வரிசையில் நின்ற வாலிபர்களைப் பார்த்து டாக்டர்கள் திகைத்துப் போனார்கள். நெஞ்சு அகலம் போதவில்லை, உயரம் போதவில்லை, பல பேருக்குப் பல்லே போதவில்லை. பள்ளியிலேயே உடம்பைத் தேற்ற வேண்டும் என்று சர்க்கார் கண் விழித்தது. முதலில் பட்டாள டிரில், அப்புறம் சுவீடன் தேசத்துப் பயிற்சி, அதோடு பிள்ளைகளுக்கு டாக்டர் பரிசோதனை, சாப்பாடு என்று ஒவ்வொன்றாக வந்தது. இதெல்லாம் புத்தகமாகிக் கப்பலேறி நம் பக்கமும் வந்தது. பிற்பாடு அவர்கள் டிரில்லை விட்டுவிட்டு, பிள்ளைகள் ஏறட்டும், தாவட்டும், உருளட்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். அதை நமக்கு யாரும் கடிதம் போட்டுச் சொல்லவில்லை.

இதைப் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கினேன். பல் இல்லாத வெள்ளைக்காரச் சிப்பாய்க்காக மைசூர் மண்டி மொஹல்லாவில் பெண்பிள்ளைகள் ஏன் கையைத் தூக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வேலை கிடைக்குமா என்றுதான் கவலையாக இருந்தது. கிடைத்தது.

மண்டி மொஹல்லாவை ஒட்டிய சந்துக்குள் இருந்தது பள்ளி. எட்டு, ஒன்பது, பத்து மூன்று வகுப்புகள்தான், ஒவ்வொன்றிலும் இரண்டு பிரிவு. மைதானத்தின் ஒரு பக்கம் மேடை, மேடையைப் பார்த்து நின்றால் வலது ஓரத்தில் சைக்கிள் ஸ்டாண்ட். காலைப் பிரார்த்தனை முடிந்ததும் ஆறு வரிசையாக நிற்க வைத்து மாஸ் டிரில். கமாண்ட் எல்லாம் இந்தியில். சாவ்தான் என்றால் விறைப்பாக நிற்க வேண்டும். தாஹினே முட் என்றால் வலது பக்கம் திரும்ப வேண்டும், பாயே முட் என்றால் இடது பக்கம். ஒரு கன்னடப் பள்ளியில், இங்கிலாந்துப் புத்தகத்தைப் பார்த்து, தமிழ்க்காரி ஒருத்தி இந்தியில் கத்துவாள். இதில் யாருக்கும் எதுவும் விசித்திரமாகப் படவில்லை.

மேடையில் பிள்ளைகளைப் பார்த்து நிற்கிற டீச்சர் கண்ணாடி மாதிரி செய்து காட்ட வேண்டும். இடது என்று சொல்லிக்கொண்டே வலது கையைத் தூக்க வேண்டும். அப்போதுதான் எதிரே நிற்கிற பிள்ளை இடது கையைத் தூக்கும். இதையே செய்து செய்து, இன்றைக்கும் ஆட்டோவில் போனால் இடது பக்கம் திரும்பு என்று சொல்லி வலது கையை நீட்டுவேன். ஆட்டோக்காரர்கள் இரண்டையும் நம்பாமல் நேராகப் போய்விடுவார்கள்.

தலைமையாசிரியர் சம்பத்குமார் சார். மேலுகோட்டை ஐயங்கார் குடும்பம். பள்ளியில் கன்னடம்தான் பேசுவார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் தனியாகப் பேசும்போது மட்டும் அவர் வீட்டுத் தமிழ் வரும். எனக்கு அது முக்கால்வாசி புரியும், மிச்சத்தை அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். குரலை உயர்த்த மாட்டார். வரிசை நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சட்டைப் பையில் ஒரு நூல்கண்டு வைத்திருப்பார். ஒரு முனையை பியூன் பிடிப்பார், இன்னொரு முனையைச் சார் பிடிப்பார். நூல் எந்தப் பெண்ணின் ஷூ நுனியில் இடிக்கிறதோ அவளைப் பார்த்து லேசாக இருமுவார். அந்த இருமலுக்கு பயந்து ஒருத்தி மயங்கி விழுந்திருக்கிறாள். டிரில் முடிந்ததும் பச்சை மையில் ஒரு துண்டுச் சீட்டு வரும். எல்லாம் சரியாக இருந்தால் அதில் 'தொடரலாம்' என்று கன்னடத்தில் ஒரே வார்த்தை இருக்கும். அதற்கு மேல் பாராட்டு அவரிடம் கிடையாது.

அவருடைய இரும்பு பீரோவில் அந்தப் புத்தகம் இருந்தது. மகாராஜா காலத்தில் சீமையிலிருந்து வந்த டிரில் புத்தகம், காக்கி அட்டை போட்டது. முன்பாதி முழுக்கப் பயிற்சி அட்டவணைகள். கை எத்தனை டிகிரி, குதிகால் எத்தனை அங்குலம் என்பதெல்லாம் படத்தோடு இருக்கும். பின்பாதியை யாரும் படித்ததில்லை. அந்தக் காலத்துப் புத்தகங்களில் தாள்கள் ஓரம் வெட்டப்படாமல் ஒட்டியே வரும், படிப்பவர்தான் கத்தியால் பிரித்துக்கொள்ள வேண்டும். முன்பாதியை எவரோ புண்ணியவான் பிரித்திருந்தார். பின்பாதி பிரிக்கப்படாமலே இருந்தது. சாரைக் கேட்டேன். "அதெல்லாம் அவா ஊருக்கு. நமக்கு வேண்டாம்" என்றார்.

டிரில்லில் தவறு நடந்தால் எழுத்து மூலம் விளக்கம் கொடுக்க வேண்டும். விளக்கத்தில் அந்தத் தவறு புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறிப்பிட வேண்டும். பக்க எண் இல்லாத விளக்கம் திரும்பி வந்துவிடும். ஒரு தடவை பத்தாம் வகுப்பு வரிசைக்குள் மாடு புகுந்ததற்கும் பக்க எண் கேட்டார். மைதானத்தைத் தயார் செய்வது பற்றிய பக்கத்தை எழுதிக் கொடுத்துத் தப்பித்தேன்.

கோமதி எட்டாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். கட்டட வேலைக்கு வந்த குடும்பம். அப்பா சென்ட்ரிங் வேலை, அம்மா பழனியம்மா சித்தாள். எங்கள் ஹனூர்ப் பக்கத்து ஆட்கள்தான். கட்டடம் எங்கேயோ அங்கே குடும்பம், குடும்பம் எங்கேயோ அங்கே பள்ளி என்று பல இடம் மாறி வந்திருந்தாள். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். கன்னட டீச்சர் கேட்டால் பதில் இல்லை, கணக்கு வாத்தியார் கேட்டால் பதில் இல்லை. "தமிழ் ஹுடுகி, கன்னடா பரல்ல" என்று விட்டுவிட்டார்கள். கன்னடம் வராத தமிழ்ப் பெண் என்றால் அதற்கு மேல் யாரும் காரணம் தேடுவதில்லை.

என்னிடம் பேசுவாள். நான் எதிரே நின்று தமிழில் கேட்டால் சின்னக் குரலில் பதில் சொல்வாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, "தாய்மொழில பேசினா எந்தப் பிள்ளையும் வாய் திறக்கும்" என்று சக டீச்சர்களுக்குப் பாடம் எடுத்தேன். அவர்களும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

டிரில்லில் அவளுக்கு நிகர் யாரும் இல்லை. மூன்றாவது வரிசையில் நடுவில் நிற்பாள். கண் அசையாது. கை நான் காட்டுகிற அதே கோணத்தில் நிற்கும். மற்ற பெண்கள் சந்துக்குள் போகிற பூக்காரியைப் பார்ப்பார்கள், காக்கையைப் பார்ப்பார்கள். இவள் என்னை மட்டும்தான் பார்ப்பாள். இப்படி ஒரு கவனத்தை என் சர்வீஸில் கண்டதில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் குடியரசு தின டிரில்லுக்கு அவளை ரைட் மார்க்கர் ஆக்கினேன்.

முதல் வரிசையின் வலது கோடியில் நிற்பவள்தான் ரைட் மார்க்கர். எல்லோரும் அவளைப் பார்த்துத்தான் நேராக வேண்டும். சம்பத்குமார் சாரின் பள்ளியில் இதற்கு ஒரு சட்டம் உண்டு: கமாண்டில் சந்தேகம் வந்தால் மார்க்கரைப் பார், மார்க்கர் செய்வதே சரி. வருஷா வருஷம் பிள்ளைகளை இதை உருப்போட வைப்போம்.

ஒத்திகை பத்து நாள் நடந்தது. மேடையில் நின்று கமாண்ட் கொடுப்பேன். திரும்புகிற பயிற்சிகள் வந்ததும் இறங்கி மைதானத்தின் வலது ஓரத்துக்குப் போய்விடுவேன், வரிசை கோணுகிறதா என்பது அங்கிருந்துதான் தெரியும். பத்து நாளும் கோமதி ஒரு பிசகு செய்யவில்லை. ஒன்பதாவது நாள் பச்சை மையில் 'தொடரலாம்' வந்தது.

குடியரசு தினத்தன்று சிறப்பு விருந்தினராக ஒரு பெரிய அதிகாரி வந்தார். அவர் மேடையில் உட்கார்ந்தார். விருந்தினருக்கு முதுகு காட்டி டீச்சர் நிற்பது மரியாதை இல்லை என்று சார் என்னை மேடைக்குக் கீழே, பிள்ளைகளுக்கு இடது பக்கமாக, மைக் முன்னால் நிறுத்திவிட்டார். நகரக் கூடாது என்றும் சொன்னார். மைக் ஒயரும் அந்த அளவுக்குத்தான் இருந்தது.

எல்லோரும் நேராகப் பார்த்துச் செய்கிற முதல் பகுதி குறையில்லாமல் போயிற்று. பிறகு தாஹினே முட் என்றேன். இருநூற்று நாற்பது பெண்களும் வலது பக்கம் திரும்பினார்கள். கோமதி அரை நொடி தாமதமாகத் திரும்பினாள். இப்போது அவளுக்கு முன்னால் யாரும் இல்லை, சைக்கிள் ஸ்டாண்ட் மட்டும்தான் இருந்தது. பாயே முட் என்றேன். பின்னால் ஐந்து வரிசைகள் விருந்தினரைப் பார்த்துத் திரும்பின. கோமதி திரும்பவில்லை. மைக்கில் மறுபடியும் கத்தினேன். அவள் சைக்கிள்களுக்கு சல்யூட் வைக்கிற மாதிரி விறைப்பாக நின்றாள். முதல் வரிசையில் அவளுக்குப் பின்னால் இருந்தவர்களில் பாதிப் பேர் சட்டப்படி மார்க்கரோடு நின்றுவிட்டார்கள், மீதிப் பேர் என் கமாண்டுக்குத் திரும்பினார்கள். அடுத்த பதினாறு எண்ணிக்கைக்கு ஐந்தரை வரிசை ஒரு பக்கமும் அரை வரிசை இன்னொரு பக்கமுமாகக் கையைத் தூக்கி இறக்கின. இது ஏதோ விசேஷ அமைப்பு என்று நினைத்து விருந்தினர் கை தட்டினார். சம்பத்குமார் சார் தட்டவில்லை.

மறுநாள் சீட்டில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, மார்க்கர் தவறியதற்குப் பக்க எண்ணோடு விளக்கம். இன்னொன்று, கோமதியின் பெற்றோரை வரவழைத்து, வருஷக் கடைசியில் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும். படிப்பில் ஏற்கனவே கடைசி. பத்தாம் வகுப்பு ரிசல்ட் நூற்றுக்கு நூறு வர வேண்டும் என்பதற்காக ஒன்பதிலேயே வடிகட்டுவது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். டிரில்லில் கெட்டிக்காரி என்பதால்தான் அவள் பெயர் அதுவரை அந்தப் பட்டியலில் ஏறாமல் இருந்தது.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியிருந்தது. சாரிடம் மானம் போனது ஒரு பக்கம். நான் தூக்கி வைத்த பிள்ளை என்னைக் கவிழ்த்துவிட்டாளே என்பது இன்னொரு பக்கம். பி.டி. பீரியடில் அவளைக் கூப்பிட்டு, "ஏண்டி திரும்பல?" என்று கேட்டேன்.

என் முகத்தையே பார்த்தாள். "தெரியல மிஸ்" என்றாள்.

"தெரியலையா? சைக்கிள் ஸ்டாண்ட் சுவரைப் பார்த்து நில்லு. நான் சொல்ற வரைக்கும் நகரக்கூடாது" என்றேன். போய் நின்றாள்.

கடைசி பீரியட் அது. மணி அடித்ததும் வராந்தாவிலிருந்தே, "கோமதி, போதும், வீட்டுக்குப் போ!" என்று கத்தினேன். என் குரல் இரண்டு சந்து தள்ளியிருக்கிற கறிக்கடை வரை கேட்கும் என்று பெயர். அவள் அசையவில்லை. இன்னொரு தடவை கத்தினேன். சுவரைப் பார்த்தபடியே நின்றாள். 'அவ்வளவு திமிரா, நில்லு, கால் வலிச்சா தானா போவே' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, ஸ்டாஃப் மீட்டிங்குக்குப் போய், அப்படியே வீட்டுக்கும் போய்விட்டேன்.

ஆறேகால் மணிக்கு வாட்ச்மேன் மாதேவண்ணா போன் செய்தார். "மிஸ், அந்த ஹுடுகி இன்னும் நிக்கிறா. நான் பின்னாலிருந்து ரெண்டு சல கூப்பிட்டேன், திரும்பல. நீங்க சொன்னாத்தான் போவா போல. அவங்க அம்மா வந்திருக்காங்க" என்றார். நான் ஆட்டோ பிடித்து ஓடினேன்.

கோமதி அதே இடத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். காலை மாற்றி மாற்றி வைக்கக்கூட இல்லை. பழனியம்மா வேலைக்களத்திலிருந்து நேராக வந்திருந்தாள், கையில் சிமெண்ட் காய்ந்திருந்தது. மகளைக் கூப்பிடாமல் அவளைச் சுற்றிப் போய், சுவருக்கும் அவளுக்கும் நடுவில் நின்று, முகத்தைப் பார்த்து, "வா சாமி போலாம்" என்றாள். கோமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். பிறகுதான் காலை எடுத்தாள்.

"நான் அப்பவே போகச் சொன்னேம்மா, இவதான் பிடிவாதமா..." என்று ஆரம்பித்தேன்.

"பின்னால நின்னு சொன்னீங்களாக்கும் டீச்சர்?" என்று பழனியம்மா சாதாரணமாகக் கேட்டாள். "முன்னால வந்து சொல்லோணுங்க. பின்னால சொன்னா என்ற புள்ளைக்குத் தெரியாதுங்க."

"தெரியாதுன்னா?"

அவள் மாதேவண்ணாவை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஏழு வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சுங்க. அதுக்கப்புறம் காது கொஞ்சங் கொஞ்சமா போயிருச்சு. வாயைப் பாத்துப் புரிஞ்சுக்குவாளுங்க. நம்ம பேச்சுன்னா நல்லாப் புரிஞ்சுக்குவா, கன்னடம்னா கஷ்டமுங்க. முந்தி ஒரு பள்ளிக்கூடத்துல சொன்னதுக்கு இங்க சேக்க முடியாதுன்னுட்டாங்க. அதான் இங்க சொல்லலீங்க. பெரிய சார்கிட்டச் சொல்லிராதீங்க டீச்சர். இந்த ஒரு இடத்துலதான் ரெண்டு வருசம் ஒட்டி இருக்கா."

ஒன்றரை வருஷமாகத் தினமும் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். உடம்பைப் பார்ப்பதுதான் என் தொழில். நான் நிற்கச் சொன்னதால் ஒரு பிள்ளை இரண்டரை மணி நேரம் சுவரைப் பார்த்து நின்றிருக்கிறது. மன்னிப்பு கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. டீச்சர் பிள்ளையிடம் மன்னிப்பு கேட்கிற வழக்கம் எங்கள் பள்ளியில் இல்லை, நானாக ஆரம்பிக்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போதும் அதை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சாரிடம் சொன்னால் காது கேட்காத பிள்ளை என்று அனுப்பிவிடுவார். சொல்லாவிட்டால் மக்குப் பிள்ளை என்று அனுப்பிவிடுவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் டி.சி. தான். இதற்கு நடுவில் பக்க எண்ணோடு விளக்கம் வேறு கொடுக்க வேண்டியிருந்தது.

புத்தகம் டிரில் ஏற்பாட்டுக்காக என்னிடமே இருந்தது. முன்பாதியை முழுக்கப் புரட்டினேன். மார்க்கர் தவறினால் வேறு மார்க்கரை நிறுத்து என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து, ஒரு புது பிளேடை எடுத்துப் பின்பாதியைப் பிரிக்க ஆரம்பித்தேன். சாரின் பீரோவில் இருக்கிற சாமானில் பிளேடு வைப்பது அந்தப் பள்ளியில் சின்ன விஷயமல்ல.

முன்பாதி சார்ஜென்ட் எழுதியது என்றால் பின்பாதி டாக்டர் எழுதியது. என் இங்கிலீஷ் அரைகுறை, டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டுதான் படித்தேன். பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதே அவர்களைப் பார்ப்பதற்குத்தான் என்கிற மாதிரி இருந்தது. யாருடைய தோள் தாழ்ந்திருக்கிறது, யார் வாயால் மூச்சு விடுகிறார்கள், யாருக்குச் சீக்கிரம் களைக்கிறது என்று டீச்சர் கவனித்து டாக்டருக்குச் சொல்ல வேண்டும். காதைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் இருந்தது. கமாண்டுக்கு எப்போதும் பிந்துகிற பிள்ளையைக் கீழ்ப்படியாதவள் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் காதைச் சோதிக்க வேண்டும். பிள்ளையைத் திருப்பி நிறுத்தி, இருபது அடி பின்னால் நின்று, கிசுகிசுத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தேசத்தில் டிரில்லும் டாக்டரும் சேர்ந்துதான் பள்ளிக்குள் வந்திருக்கிறார்கள். நான் பரீட்சையில் எழுதிய அதே விஷயம்தான். எங்கள் பள்ளிவரை டிரில் மட்டும் வந்து சேர்ந்திருந்தது.

திங்கட்கிழமை காலை பழனியம்மா வேலை செய்கிற கட்டடத்துக்குப் போய், நான் சாரிடம் சொல்லப் போகிறேன் என்றேன். அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். "உங்களை நம்பித்தானுங்க சொன்னேன்" என்றாள். அந்த வார்த்தையையும் எடுத்துக்கொண்டுதான் பள்ளிக்குப் போனேன்.

விளக்கக் கடிதத்தையும் புத்தகத்தையும் சாரின் மேஜையில் வைத்தேன். அவர் கடிதத்தைப் படிக்கவில்லை. புத்தகத்தின் ஓரத்தைத்தான் பார்த்தார்.

"யார் வெட்டினது?"

"நான்தான் சார். பக்க எண் வேணும்னு கேட்டீங்க."

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடிதத்தையும் அதில் நான் குறித்திருந்த பக்கத்தையும் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

"இந்தப் பொண்ணுக்குக் காது கேக்காதுன்னு எழுதியிருக்கேள்."

"ஆமா சார். அவளை அனுப்பிடாதீங்க சார்." கடிதத்தை அவர் பக்கம் தள்ளினேன். "தப்பு எங்க பேர்ல சார். அவ பேர்ல இல்ல."

சார் மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தார். "இருபது அடின்னா போட்டிருக்கு?" என்று கேட்டார். சட்டைப் பையிலிருந்து நூல்கண்டை எடுத்து, ஸ்கேலை வைத்து அடி அடியாக அளந்து முடிச்சுப் போட்டார். மைதானத்துக்கு நடந்தார்.

கேட்டால் கை தூக்க வேண்டும் என்று கோமதிக்கு என்னைச் சொல்ல வைத்து, அவளைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தச் சொன்னார். இருபது அடி பின்னால் நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "கோமதி" என்று கிசுகிசுத்தார். அவள் கை தூக்கவில்லை. பத்து அடிக்கு வந்தார், ஐந்து அடிக்கு வந்தார். கடைசியில் அவள் தலைக்குப் பின்னாலேயே நின்று, என் சர்வீஸில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தி, "கோமதி!" என்று கூப்பிட்டார். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். கோமதி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சார் நூலைச் சுற்றிப் பைக்குள் போட்டார். முடிச்சு அவிழ்க்கத் தெரியாதவர் மாதிரி வெகு நேரம் சுற்றினார்.

"மொத்தப் புஸ்தகத்தையும் படிச்சிருக்கணும்" என்றார். அவர் தன்னிடம் சொல்லிக்கொண்டாரா என்னிடம் சொன்னாரா தெரியவில்லை.

புத்தகத்தில் எல்லாப் பிள்ளைகளையும் சோதிக்கச் சொல்லியிருந்ததால், மூன்று நாள் பாடத்தை நிறுத்திவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் சோதித்தார். இன்னும் இரண்டு பெண்கள் அகப்பட்டார்கள். அதோடு விடாமல் ஆசிரியர்களையும் நிறுத்தினார். கணக்கு வாத்தியார் தேறவில்லை. அது பதிவேட்டில் ஏறவில்லை. மூன்று பெண்களையும் ஊரில் காதுக்கென்றே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் சாரும் அழைத்துப் போனோம். அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்தபோது சார் பழனியம்மாவுக்கு இடம் விட்டு எழுந்து நின்றார். டி.சி. பட்டியலில் கோமதியின் பெயருக்கு எதிரே பச்சை மையில் 'தொடரலாம்' என்று எழுதியிருந்ததைப் பிற்பாடு பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் கோமதிக்கு எழுதிக் கொடுத்த காது மெஷின் கைக்கு வர ஜூன் மாதம் ஆகிவிட்டது. பள்ளி திறந்த இரண்டாம் நாள், பத்தாம் வகுப்புக்கு முதல் பி.டி. பீரியட். கோமதி பின்னலை முன்னால் தள்ளிக் காதை மறைத்துக்கொண்டு வந்தாள். அவள் எனக்குப் பழைய மூன்றாவது வரிசையிலேயே தெரிந்தாள். அவளுக்கு இனிமேல் கேட்கும் என்கிற சந்தோஷத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை. மேடையில் ஏறி, வழக்கப்படி அடி வயிற்றிலிருந்து, "சாவ்தான்!" என்று கத்தினேன்.

எல்லோரும் விறைத்து நின்றார்கள். கோமதி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். மெஷினில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து இறங்கி ஓடினேன். அவள் முன்னால் போய் நின்று, "என்னம்மா, வலிக்குதா?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினாள். என் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மிஸ், நீங்க எப்பவும் இப்படித்தான் சொல்வீங்களா?"

"ஆமா. ஏன்?"

"இல்ல மிஸ்... மேடையில நின்னு சொல்றப்ப வாய் பெருசா திறக்கும், பல்லெல்லாம் தெரியும். நான் நீங்க சிரிக்கிறீங்கன்னு நெனச்சேன். ரெண்டு வருசமா எங்கம்மாகிட்டச் சொல்லிட்டு இருந்தேன், இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு மிஸ் மட்டும் எங்களைப் பாத்தா எப்பவும் சிரிச்சுட்டே இருப்பாங்கன்னு." பின்னலைக் காதோரம் இழுத்துவிட்டுக்கொண்டாள். "சுவத்துக்கிட்ட நிக்க வெச்சீங்கல்ல, அன்னிக்கு ஒரு நாள்தான் கோவம்னு நெனச்சேன் மிஸ்."

அவள் முகத்தில் குற்றம் சாட்டுகிற மாதிரி ஒன்றும் இல்லை. தெரிந்துகொண்டதைச் சொன்னாள், அவ்வளவுதான். காதுக்குப் பின்னால் விரலை விட்டு மெஷினின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, தன் இடத்துக்குப் போய் விறைப்பாக நின்று, என் முகத்தைப் பார்த்தாள்.

நான் மேடைக்குத் திரும்பிப் போனேன். பீரியட் முடிய இன்னும் அரை மணி இருந்தது. நாற்பது பெண்கள் அடுத்த கமாண்டுக்காகக் காத்திருந்தார்கள். கத்த எனக்கு வாய் வரவில்லை.